வேட்டை ஏர் ரைஃபிளுக்கு எந்தக் காலிபர்? .177 முதல் .357 வரை ஓர் ஒப்பீடு

ஏர் ரைஃபிளில் முயல் வேட்டைக்குப் போக ஆரம்பித்த காலத்தில் என்னிடம் இருந்தது ஒரு .25 ஸ்பிரிங் துப்பாக்கி, அதாவது சுருள் வில்லின் விசையால் காற்றை அழுத்திச் சுடுவது. .25 என்பது காலிபர், குழலின் உள்விட்டம் அங்குலத்தில். பெரிய குண்டு என்றால் பெரிய அடி, விலங்கு நின்ற இடத்திலேயே விழும் என்று நம்பி வாங்கியது. ஸ்கோப்பை 30 மீட்டருக்கு ஜீரோ செய்து, அதாவது அந்தத் தூரத்தில் குறியும் குண்டும் ஒரே இடத்தில் சேரும்படி திருத்தி வைத்திருந்தேன். ஒரு மாலை, வேலியோரம் உட்கார்ந்திருந்த முயல் அந்த 30 மீட்டரில்தான் இருக்கிறது என்று கண்ணாலேயே கணக்குப் போட்டுச் சுட்டேன். பிறகு அளந்து பார்த்தால் 38 மீட்டர். தலைக்குப் போக வேண்டிய பெல்லட் (ஏர் ரைஃபிளின் சின்ன ஈயக் குண்டு) ஆறேழு சென்டிமீட்டர் இறங்கி முன்னங்காலில் பட்டது. முயல் புதருக்குள் பாய்ந்துவிட்டது. இருட்டும் நேரத்தில்தான் அதைத் தேடிக் கண்டுபிடித்து முடித்து வைக்க முடிந்தது. அதுவரை அது பட்ட வேதனைக்கு நான்தான் பொறுப்பு. கை நடுங்கவில்லை, குறியும் பிசகவில்லை. தூரத்தைத் தப்பாகக் கணித்தேன். நான் வைத்திருந்த காலிபர் அந்த எட்டு மீட்டர் பிழையைக்கூட மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அந்தத் துப்பாக்கி கொடுத்தது 20 ஜூல். நான் போட்டது 25.39 கிரெயின் பெல்லட், அதாவது 1.645 கிராம். 20 ஜூல் சக்தி அதை வினாடிக்கு 156 மீட்டர் வேகத்தில்தான் தள்ளும். அதே 20 ஜூல் 8.44 கிரெயின் எடையுள்ள .177 பெல்லட்டை 270 மீட்டர் வேகத்தில் அனுப்பும். அந்த வேகத்தில் அதே தூரப் பிழைக்கு இறக்கம் சுமார் 2 செ.மீ. தான். முயலின் தலைக்குள்ளேயே பட்டிருக்கும்.

இதைப் படித்துவிட்டு .177 தான் வேட்டைக்கு நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே கணக்கை 80 ஜூல் துப்பாக்கிக்குப் போட்டால் விடை அப்படியே தலைகீழாக மாறும். நான் சொல்ல வருவது அதைத்தான். காலிபரை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்குத் துப்பாக்கி தேடுவது தப்பான வரிசை. துப்பாக்கி எத்தனை ஜூல் தரும் என்று பார்த்தால், பொருத்தமான காலிபர் ஏறக்குறைய தானாகவே தெரிந்துவிடும்.

பழைய பாடம் எங்கிருந்து வந்தது

ஏர் ரைஃபிள் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரு பாடம் சொல்வார்கள்: .177 நேராகப் போகும், .22 பலமாக அடிக்கும், .25 இன்னும் பலமாக அடிக்கும். இந்தப் பாடம் பிறந்தது 16 முதல் 25 ஜூல் வரை தரும் ஸ்பிரிங் துப்பாக்கிகளின் காலத்தில். சக்தி எல்லாக் காலிபருக்கும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால் பாடம் சரியே. ஒரே சக்தியை லேசான பெல்லட்டுக்குக் கொடுத்தால் வேகம் கூடும், கனமான பெல்லட்டுக்குக் கொடுத்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பெல்லட் காற்றில் இருக்கும் நேரம் நீளும், அந்த நேரம் முழுவதும் பூமி அதை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பெல்லட் எத்தனை பெரியது, எத்தனை கனமானது என்பது புவியீர்ப்புக்கு ஒரு பொருட்டே இல்லை. 0.1 வினாடி பறந்தால் 4.9 செ.மீ. விழும். 0.2 வினாடியில் 19.6 செ.மீ. 0.25 வினாடியில் 30 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல். .177 ஆனாலும் .357 ஆனாலும் இதே எண்கள்தான். ஆகவே "நேராகப் போகும் காலிபர்" என்று ஒன்று கிடையாது. நேராகப் போகும் வேகம் என்றுதான் உண்டு.

பிசிபி வந்தபோது, அதாவது முன்கூட்டியே 200, 250, 300 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து வைத்துச் சுடும் ரைஃபிள்கள் பரவலானபோது, நிலைமை மாறியது. 40 ஜூல், 80 ஜூல், 100 ஜூல் என்று சக்தி ஏறிக்கொண்டே போனது. ஆனால் வேகத்தை மட்டும் அதே போல ஏற்றிக்கொண்டே போக முடியாது. அங்கே ஒரு சுவர் இருக்கிறது.

ஒலி என்னும் சுவர்

நாம் சுடும் வழக்கமான பெல்லட்டுக்கு டயபோலோ என்று பெயர். நடுவில் இடுப்பு ஒடுங்கி, பின்னால் பாவாடை போல விரிந்திருக்கும். பாரம் முன்னால், காற்றின் இழுப்பு பின்னால். இறகுப்பந்து எப்படித் தலை முன்னே வைத்துப் பறக்கிறதோ அதே தத்துவம்தான்; குழலின் உள்ளே திருகலாக வெட்டிய புரிகள் தரும் சுழற்சியும் சேர்ந்து அதை நிலையாக வைக்கிறது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இந்த நிலைத்தன்மை குலைகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகும். அதில் சுமார் எண்பது சதவீதத்தைத் தாண்டினாலே பெல்லட்டின் மேல் காற்றின் இழுப்பு சரசரவென்று ஏறும். ஒலியின் வேகத்தையே கடந்துவிட்டுத் திரும்பக் கீழே இறங்கும்போது பெல்லட் தள்ளாடும். கடையில் எடுத்துக் காட்டும் டப்பாவில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 380, 400 மீட்டர் வேகமெல்லாம் ஈயம் இல்லாத லேசான கலப்புலோக பெல்லட்டைப் போட்டு எடுத்த எண்கள். வேட்டைக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. படாரென்று வெடிச்சத்தம் வேறு கேட்கும். பக்கத்தில் இருக்கும் மற்ற விலங்குகளும் கலைந்துவிடும்.

ஆகவே டயபோலோ பெல்லட்டை நம்பிச் சுடுகிறவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது 250 முதல் 285 மீட்டர் வேகத்தில்தான். என் விருப்பம் 270. எந்தக் காலிபராக இருந்தாலும் இதே வேகம்.

இதன் பொருளைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். வேகத்துக்கு உச்சவரம்பு வந்துவிட்டது. துப்பாக்கியின் சக்தி கூடினால் அந்தக் கூடுதல் சக்தியை எங்கே போடுவது? எடையில்தான் போட வேண்டும். எடை கூடினால் பெல்லட் பெரிதாக வேண்டும். காலிபர் பெரிதாவதற்கான உண்மையான காரணம் இதுதான். பெரிய ஓட்டை விழும் என்பது அதற்கு அடுத்துத்தான் வரும்.

கணக்கு என்ன சொல்கிறது

சக்தி என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. கிராமை ஆயிரத்தால் வகுத்துக் கிலோவாக்கிப் போட்டால் விடை ஜூலில் வரும். எடை கிரெயினில் எழுதியிருந்தால் 0.0648 ஆல் பெருக்கினால் கிராம். யாராவது அடி-பவுண்டில் சொன்னால் 1.356 ஆல் பெருக்கி ஜூலாக்கிக்கொள்ளுங்கள்.

45 ஜூல் தரும் ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். அதில் 8.44 கிரெயின் .177 பெல்லட்டைப் போட்டால் கணக்குப்படி 405 மீட்டர் வேகம். 10.34 கிரெயின் கனமான .177 போட்டால்கூட 366. இரண்டுமே ஒலியைத் தாண்டியவை, எறிந்துவிட வேண்டியதுதான். .22-இல் 18.13 கிரெயின் போட்டால் 277 மீட்டர். அச்சில் வார்த்தது போலப் பொருந்துகிறது. .25-இல் 25.39 கிரெயின் போட்டால் 234, 33.95 கிரெயின் போட்டால் 202. மறுபடியும் வளைந்து வளைந்து போகும் பெல்லட். என் முயல் கதைதான்.

இப்போது 80 ஜூல். .22-இன் 18.13 கிரெயின் 369 மீட்டருக்குப் போய்விடும். .22-இலேயே மிகக் கனமான 25.39 கிரெயின் போட்டாலும் 312. .25-இன் 33.95 கிரெயின் 270. இதுதான் அதன் இடம். 105 ஜூலுக்குப் போனால் .30-இன் 44.75 கிரெயின் பெல்லட் 269 மீட்டரில் வரும். 180 ஜூலில் .357-இன் 81 கிரெயின் பெல்லட் 262.

ஒரு திருத்தமும் சொல்லிவிட வேண்டும். ஒரே ரைஃபிளில் குழலை மட்டும் மாற்றினால் சக்தி அப்படியே இருக்காது, கொஞ்சம் ஏறும். காற்று தள்ளுவது பெல்லட்டின் பின்பக்கப் பரப்பை. விட்டம் கூடினால் பரப்பு அதன் வர்க்கத்தில் கூடும். .177-இன் விட்டம் 4.5 மி.மீ., .25-இன் விட்டம் 6.35 மி.மீ.; பார்வைக்குச் சின்ன வித்தியாசம், ஆனால் பரப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. .22-இலிருந்து .25-க்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதனால் .22-இல் 45 ஜூல் தரும் பிசிபி, .25 குழல் போட்டதும் அதைவிடக் கூடுதலாகத் தரும். ஆனால் 80 தராது. அதற்கு வால்வு, காற்று வழி, வால்வை அடித்துத் திறக்கும் சுத்தியல், குழல் நீளம் எல்லாம் அதற்கென்று அமைந்திருக்க வேண்டும். "இந்த மாடல் .25-லும் கிடைக்கிறது" என்பதும் "இந்த மாடல் .25-க்காகச் செய்தது" என்பதும் வேறு வேறு. வாங்கும்போது அந்தக் காலிபரில், அந்தப் பெல்லட் எடையில் எத்தனை மீட்டர் வேகம் வருகிறது என்று கேளுங்கள். எடையைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொன்னால் அந்த எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

.177

உயர்சக்தி ரைஃபிளில் இதற்கு வேலை குறைவு. 25 ஜூலுக்கு மேல் போனால் இதற்கேற்ற கனத்தில் நல்ல பெல்லட் கிடைப்பது அரிதாகிவிடுகிறது. ஆனால் 15 முதல் 22 ஜூல் வரை தரும் ரைஃபிளில் எலி, அணில், சின்னப் பறவைகளை 35 மீட்டருக்குள் தலையில் சுட வேண்டுமென்றால் இதைவிட நல்லது இல்லை என்பது என் கருத்து. ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டிக்கான காலிபர் இதுதான், திறந்த வெளியில் வெவ்வேறு தூரத்து இலக்குகளைச் சுடும் ஃபீல்ட் டார்கெட் போட்டியிலும் இதுதான் ஆட்சி செய்கிறது. அதனால் மிகத் துல்லியமான பெல்லட்டுகள் இந்த அளவில்தான் அதிகம் கிடைக்கின்றன. டப்பாவுக்கு வழக்கமாக 500 இருக்கும், பழகுவதற்குக் கை கூசாது.

.20 பற்றி ஒரே வார்த்தை

ஷெரிடன் நிறுவனம் 1947-இல் கொண்டுவந்த 5 மி.மீ. காலிபர் இது. .177-க்கும் .22-க்கும் நடுவில் அழகாகத்தான் உட்காருகிறது, விரும்பிகளும் இருக்கிறார்கள். ஆனால் கடைக்குப் போனால் இரண்டு மூன்று வகை பெல்லட்தான் இருக்கும். உங்கள் குழலுக்கு அவற்றில் ஒன்றும் பிடிக்கவில்லையென்றால் வேறு வழி கிடையாது. புதிதாக வாங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

.22-ஆ, .25-ஆ?

உண்மையான போட்டி இங்கேதான். உயர்சக்தி பிசிபி வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டுக்கு நடுவில்தான் மாதக்கணக்கில் ஊசலாடுகிறார்கள். நானும் ஆடினேன்.

இரண்டையும் 270 மீட்டர் வேகத்தில் வைப்போம். .22-இல் 18.13 கிரெயின், 43 ஜூல். .25-இல் 33.95 கிரெயின், 80 ஜூல். புறப்படும் வேகம் ஒன்று, ஆனால் போகப் போக .25 வேகத்தைக் குறைவாகவே இழக்கும். காரணம் முகத்தின் பரப்புக்கு எடை அதிகம். என் கணக்கில் 50 மீட்டரில் .22 தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத் தொலைத்துவிடுகிறது; .25 நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே தொலைக்கிறது. அதாவது 50 மீட்டரில் .22 கையில் சுமார் 28 ஜூலும், .25 கையில் ஏறக்குறைய 59 ஜூலும் மிஞ்சும். இறக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஒரு செ.மீ. இருந்தால் அதிகம்.

காற்றுதான் இரண்டையும் பிரிக்கிறது. குறுக்குக் காற்று பெல்லட்டை எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. காற்றின் தடையே இல்லாமல் போயிருந்தால் எத்தனை நேரம் ஆகியிருக்கும், உண்மையில் எத்தனை நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறுக்குக் காற்றின் வேகத்தால் பெருக்குங்கள். 50 மீட்டருக்கு .22-க்கு இந்தத் தாமதம் சுமார் 0.021 வினாடி, .25-க்கு சுமார் 0.015. இலைகள் அசையும் அளவுக்கு, வினாடிக்கு 3 மீட்டர் குறுக்குக் காற்று இருந்தால் .22 ஆறு செ.மீ.க்கு மேல் விலகும், .25 நாலரை செ.மீ. விலகும். முயலின் தலையில் நாம் தொட வேண்டிய இடம் இரண்டரை செ.மீ. வட்டம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பாருங்கள். இரண்டு காலிபருக்குமே காற்றைக் கணித்தாக வேண்டும். .25-இல் கணிப்பு கொஞ்சம் தவறினாலும் தப்பிக்கலாம், அவ்வளவுதான்.

.22-காரர்கள் இங்கே ஒரு நியாயமான பதில் வைத்திருக்கிறார்கள். .22-இலேயே 25.39 கிரெயின் பெல்லட் போட்டால் பரப்புக்கு எடை .25-இன் 33.95 கிரெயினுக்குச் சமமாகிவிடுகிறது. காற்றை அதுவும் அதே போலக் கிழித்துக்கொண்டு போகும். 60 ஜூல் தரும் .22 ரைஃபிள் உங்களிடம் இருந்தால் இது நல்ல வழி. ஆனால் எல்லா .22 குழலும் அவ்வளவு நீளமான பெல்லட்டை விரும்பாது. என் குழல் விரும்பவில்லை. 18.13 கிரெயினில் ஒரே ஓட்டையாக விழுந்த சூடுகள், கனமான பெல்லட்டில் மூன்று செ.மீ.க்குச் சிதறின. அதோடு அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

சிலிண்டர் காற்றுக்கு வருவோம். 80 ஜூல் என்பது 43 ஜூலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சக்தி ஒன்றும் சும்மா வருவதில்லை. ஒரே அளவு சிலிண்டரில் சூடுகளின் எண்ணிக்கை பாதியளவுக்கு இறங்கும். காலையில் போய் நாலைந்து சூடு சுட்டுவிட்டு வருகிறவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. கை பம்பில் காற்று அடிக்கிறவருக்குப் பெரிய விஷயம். 200 பாருக்கு மேல் கை பம்பில் ஏற்றுவது உடம்பை வாட்டும் வேலை, அடித்து முடித்த கையோடு குறி பார்த்தால் இதயம் துடிப்பது ஸ்கோப்பில் தெரியும். கம்ப்ரசரோ பெரிய காற்று உருளையோ இல்லாதவருக்கு .22 என்று தயங்காமல் சொல்வேன்.

பழக்கமும் கணக்கில் வர வேண்டும். .25-இன் கனமான ஒரு பெல்லட்டில் 2.2 கிராம் ஈயம். 8.44 கிரெயின் .177-இல் இருப்பதைப் போல நாலு மடங்கு. டப்பாவில் எண்ணிக்கையும் 150 முதல் 350 வரைதான். வாரம் நூறு பெல்லட் சுட்டுப் பழகுகிற .22-காரர், சிக்கனம் பார்த்து வாரம் இருபது சுடுகிற .25-காரரைவிட நல்ல வேட்டைக்காரராக இருப்பார். அந்த 80 பெல்லட் பழக்கத்துக்கு ஈடாக எந்தக் காலிபரும் எதையும் தந்துவிடாது.

விலங்கின் மேல் படும்போது என்ன நடக்கிறது என்பதையும் ஒளிக்காமல் பேச வேண்டும். ஏர் ரைஃபிள் பெல்லட் வெடிமருந்துத் தோட்டா போல அதிர்ச்சியால் கொல்வதில்லை. அது ஓட்டை போடுகிறது. அந்த ஓட்டை எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூளையில் பட்டால் .177 போதும். வயிற்றில் பட்டால் .30 கூடப் போதாது. ஆனால் முயலைவிடப் பெரிய விலங்கில் இதயம், நுரையீரல் பக்கம் சுட வேண்டி வரும்போது .25-இன் மேன்மை தெரிகிறது. ஓட்டையின் பரப்பு .22-ஐவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம், உள்ளே துளைத்துப் போக எடையும் அதிகம். இரத்தம் வேகமாக வடியும், விலங்கு சீக்கிரம் விழும், தேடும் தடயமும் தெளிவாக இருக்கும். தலையை மட்டுமே குறிவைப்பேன், 45 மீட்டரைத் தாண்ட மாட்டேன் என்பவருக்கு .22 குறைவே இல்லை.

.30 மற்றும் அதற்கு மேலே

.30 காலிபர் 7.62 மி.மீ. இதைப் பற்றி ஒரு மயக்கம் நிலவுகிறது. .25-ஐவிடப் பெரியது, ஆகவே காற்றை இன்னும் நன்றாகக் கிழிக்கும் என்று நினைக்கிறார்கள். 44.75 கிரெயின் .30 பெல்லட்டின் எடையை அதன் முகப் பரப்பால் வகுத்துப் பாருங்கள்; 33.95 கிரெயின் .25-ஐவிடச் சற்றுக் குறைவாகத்தான் வரும். தூரத்துக்கு .30 என்று வாங்குபவர் ஏமாறலாம். அதன் பலம் ஓட்டையின் அளவிலும் மொத்த சக்தியிலும் இருக்கிறது. நரி, ரக்கூன் அளவு விலங்குகளுக்கு, 50 மீட்டர் வாக்கில், இது மிக நல்ல காலிபர். பெல்லட் வகைகள் குறைவு, டப்பாவுக்கு 150 வாக்கில்தான், துப்பாக்கியும் நீளமாகவும் கனமாகவும் இருக்கும். ஒரே ஒரு ஏர் ரைஃபிள் வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு இது பொருந்தாது. இரண்டாவது ரைஃபிளாக, என்ன வேலைக்கு என்று தெரிந்து வாங்கினால் வருந்த மாட்டீர்கள்.

.357, .45, .50 எல்லாம் தனி உலகம். காட்டுப்பன்றி, மான் அளவு விலங்குகளுக்கானவை. பெரும்பாலும் வார்த்த ஈயக் குண்டுகள் போடுவார்கள், ஒரு முறை நிரப்பினால் சில சூடுகள்தான். புதுமை என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரியப் படை 1780 வாக்கிலேயே ஜிரார்டோனி என்னும் ஏர் ரைஃபிளை வைத்திருந்தது. காலிபர் சுமார் .46, குழாய் மேகசினில் இருபது குண்டுகள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியைத் தேடி 1804-இல் கிளம்பிய லூயிஸ்-கிளார்க் குழுவும் ஓர் ஏர் ரைஃபிளை எடுத்துப் போனது. அந்தக் காலத்துக் கைவினைஞர்கள் கையால் பம்ப் அடித்து இதைச் சாதித்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பொங்கும். ஆனால் இந்தக் காலிபர்களில் ஏதாவது வாங்குவதற்கு முன் நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் படித்துவிடுங்கள். எந்த விலங்கை எந்தக் காலிபரில், எத்தனை ஜூலில் சுடலாம், உரிமம் வேண்டுமா, ஏர் ரைஃபிளில் வேட்டையே கூடுமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும்.

ஸ்லக் வந்தபின்

ஸ்லக் என்பது இடுப்பு இல்லாத, தோட்டா வடிவ ஈயக் குண்டு. காற்றில் வேகத்தைத் தக்கவைப்பதில் டயபோலோவைவிட மிகவும் மேலானது. ஆனால் பாவாடை இல்லாததால் முழுக்க முழுக்கச் சுழற்சியை நம்பித்தான் நிலையாகப் பறக்கிறது. குழலின் புரி அதற்கேற்ற வேகத்தில் சுற்றவில்லையென்றால் 60 மீட்டரில் காகிதத்தில் பக்கவாட்டில் விழுந்த தடம் தெரியும். ஸ்லக் சுட வேண்டுமென்று நினைத்தால் அதற்கென்று செய்த குழலை முதலிலேயே வாங்குங்கள். அப்படி வாங்கினால் .22-இன் எல்லை நன்றாக விரிகிறது. 60, 70 ஜூலில் ஸ்லக் போட்ட .22, சாதாரண பெல்லட் போட்ட .25-ஐக் காற்றடிக்கும் நாளில் தோற்கடிக்கும். அந்த அளவுக்கு இது காலிபர் விவாதத்தையே மாற்றியிருக்கிறது.

ஒரு பயம் மட்டும் எனக்கு உண்டு. டயபோலோ பெல்லட் காற்றிலேயே சீக்கிரம் தளர்ந்துவிடும்; அது ஒரு பாதுகாப்பு. ஸ்லக்குக்கும் பெரிய காலிபர் குண்டுகளுக்கும் அந்தத் தளர்ச்சி இல்லை. குறி தவறினால் வெகுதூரம் போகும், கடினமான தரையில் பட்டால் தெறித்தும் போகும். விலங்குக்குப் பின்னால் மண்மேடோ சரிவோ இல்லாமல் சுடவே கூடாது. மரக்கிளையில் இருக்கும் அணிலை வானத்தைப் பின்னணியாக வைத்துச் சுடுகிற பழக்கம் உள்ளவர் பெரிய காலிபர் பக்கமே போக வேண்டாம். தானியக் கொட்டகைக்குள் எலி சுடுகிறவருக்கும் இதே பேச்சுத்தான்: 80 ஜூல் .25 சுவரையும் துளைக்கும், சுவருக்கு அந்தப்பக்கம் யார் நிற்கிறார் என்று தெரியாது. அங்கே குறைந்த சக்தி .177 போதும்.

சரி, என்ன வாங்குவது?

ஸ்பிரிங் அல்லது கேஸ் ராம் (வில்லுக்குப் பதில் அடைத்த வாயு உந்தும்) துப்பாக்கி, 25 ஜூலுக்குள் என்றால் .177 அல்லது .22. 30 மீட்டருக்குள்ளேயே சுடுவேன், தூரத்தை அளந்துதான் சுடுவேன் என்றால் .22, தூரம் மாறிக்கொண்டே இருக்கும் என்றால் .177. இந்தச் சக்தியில் .25 வேண்டாம். நான் செய்த தப்பை இன்னொருவர் செய்ய வேண்டியதில்லை.

பிசிபி, 30 முதல் 60 ஜூல் என்றால் .22. யோசிக்கவே வேண்டாம். 70 முதல் 90 ஜூல், காற்று நிரப்ப நல்ல வசதி, திறந்த வெளியில் 60 மீட்டர் வரை சுடும் தேவை என்றால் .25. 100-ஐத் தாண்டினால் .30. நடுவில் மாட்டிக்கொண்டால், உதாரணமாக 60 ஜூல் ரைஃபிள் இரண்டு காலிபரிலும் கிடைத்தால், குழலை மாற்றும் வசதி உள்ள மாடலா என்று பாருங்கள். இருந்தால் .22-இல் ஆரம்பித்து ஓர் ஆண்டு சுட்டுவிட்டு முடிவெடுங்கள். குழல் மட்டும் மாற்றினால் போதாது, மேகசினும் பெல்லட்டைத் தள்ளும் ஊசியும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். சுத்தியல் ஸ்பிரிங்கையும் திருத்த வேண்டி வரலாம். அந்தச் செலவையும் முன்கூட்டியே சேர்த்துப் பாருங்கள்.

நான் கடைசியில் வாங்கியது 45 ஜூல் .22 பிசிபி. .25 முயலுக்கு அப்புறம் அந்த எண்ணைக் கேட்டாலே கொஞ்ச நாள் ஒதுங்கி நின்றேன், அது நியாயமில்லை என்று இப்போது தெரிகிறது. நண்பர் ஒருவரின் 80 ஜூல் .25-ஐ ஒரு வாரம் வாங்கி வைத்துச் சுட்டுப் பார்த்தேன். அருமையான ரைஃபிள். காற்றடிக்கும் நாட்களில் என்னுடையதைவிட நல்லது. ஆனாலும் நான் சுடுவதெல்லாம் 40 மீட்டருக்குள், முயலும் புறாவும்தான். கை பம்ப்தான் வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எந்தக் காலிபர் வாங்கினாலும் வேட்டைக்குக் கிளம்பும் முன் ஒன்று செய்யுங்கள். காகிதத்தில் இரண்டரை செ.மீ. விட்டத்தில் பத்து வட்டங்கள் வரையுங்கள். 20 மீட்டரில் வைத்து, வேட்டையில் எப்படி உட்கார்ந்து சுடுவீர்களோ அப்படியே உட்கார்ந்து, வட்டத்துக்கு ஒரு பெல்லட். பத்தும் உள்ளே விழுந்தால் ஐந்து மீட்டர் தள்ளி வையுங்கள். அப்படியே போய்க்கொண்டிருங்கள். பத்தில் ஒன்று வெளியே விழும் தூரம் வந்ததும், அதற்கு முந்தைய தூரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டாக்கில் ஒட்டிவிடுங்கள். என் ரைஃபிளில் 40 என்று ஒட்டியிருக்கிறது. காற்று அடிக்கிற நாளில் அதை 30 என்று படிப்பேன்.